பதினேழாம் குரோமோசோம்

முதல் செல்லிலேயே தெரிந்துவிட்டது. ஒரு செல்லை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே இந்தக் கண்ணாடித் தகட்டின் சொந்தக்காரர்தான், இருந்தாலும் தெரிந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பித் தகட்டில் வேறு இடத்துக்கு நகர்ந்தேன். தகட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: சுகவனம், ஆண், எலும்பு மஜ்ஜை. உலகத்தில் வேறு சுகவனங்களும் இருப்பார்கள் என்று காலையில் நினைத்துக்கொண்டேன். டீ குடிக்கப் போனபோது அந்த நினைப்பும் போய்விட்டது. புறநோயாளிகள் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். மீசையை எடுத்துவிட்டார். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் தனியாக நின்றது. பக்கத்தில் அவர் மனைவி மங்கையர்க்கரசி, மடியில் ஃபிளாஸ்க். நான் நின்றுவிட்டேன், கால் தானாக நின்றது, எழுந்து வணக்கம் சொல்லப் பழகிய கால். அவர் நிமிர்ந்து பார்த்து, "சிஸ்டர், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றார். கோட்டில் பெயர் தைத்திருக்கிறது, டாக்டர் ஜெயசீலி, மரபணுப் பரிசோதனைப் பிரிவுத் தலைவர் என்று. அவர் கண்ணாடியும் போட்டிருந்தார். நான் கையைக் காட்டினேன். "தேங்க்ஸ்மா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். இவ்வளவு வருஷம் மனசுக்குள் இந்த மனுஷனோடு சண்டை போட்டிருக்கிறேன், பஸ்ஸில், சமையலறையில், பல் தேய்க்கும்போது. ஒவ்வொரு தடவையும் அவர் என்னை அடையாளம் கண்டு முகம் வெளிறிப்போவார். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இன்னொரு செல். அறையில் அசிட்டிக் அமில வாடை, காலமெல்லாம் புடவையில் ஊறுகாய் வாடைபோல ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வாடை. இந்த செல் நல்லபடியாக இருக்கிறது. குரோமோசோம்கள் சின்னச் சின்ன வரிப்புழுக்களாகச் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், கறுப்பும் சாம்பலுமான பட்டைகள் துலக்கமாக. அடுத்ததும் நல்லது. அடுத்ததில் ஒன்பதும் இருபத்திரண்டும் வால் மாற்றிக்கொண்டிருக்கின்றன, அது அவருடைய பழைய நோய், இரத்தப் புற்றுநோய், எதிர்பார்த்ததுதான், தினமும் விழுங்கும் மாத்திரை அடக்கிவைக்க வேண்டியது அதைத்தான். இரத்தப் பரிசோதனை நன்றாகவே இருக்கிறதாம், ஒரு வருஷத்துக்கு மேலாக மாத்திரை வேலை செய்கிறதாம். அதற்கடுத்த செல்லுக்குத் திருகினேன். அங்கே மறுபடியும் அது. பதினேழாவது. மேல்பாதியில் இருக்க வேண்டிய குட்டைக் கை இல்லை, அந்த இடத்தில் நெட்டைக் கையே இன்னொரு தரம். கண்ணாடி முன்னால் நிறுத்திய பாதி உடம்புபோல மேலும் கீழும் ஒரே உரு. தொலைந்துபோன குட்டைக் கையில்தான் கெட்டுப்போன செல்லைப் பார்த்து நீ செத்துப்போ என்று சொல்லும் மரபணு இருக்கிறது. அது போய்விட்டால் சொல்ல ஆளில்லை. செல் பிழைத்துக்கொள்ளும். மாத்திரை வரும், போகும், அது பாட்டுக்கு இரண்டு நான்காகும். இப்படி ஒரு குரோமோசோம் உண்டென்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி. நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தவர்களிடம் எல்லோரும் பார்த்தார்கள். இரத்தம் நன்றாக இருக்கிறபோதே, ஆள் நடமாடிக்கொண்டிருக்கிறபோதே, எங்கோ மூலையில் சில செல்களில் மட்டும் இது தலைகாட்டும், அப்படித் தலைகாட்டினால் பல மாதம் கழித்து மாத்திரை தோற்கும் என்று பார்த்தது ஒருத்தி. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, ஹாஸ்டலில் இரண்டு சுடிதார்.

அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லை. செல்லைப் படம் பிடித்து, இருட்டறையில் கழுவி, கத்திரிக்கோலால் ஒவ்வொரு குரோமோசோமாக வெட்டி, ஜோடி சேர்த்து ஒட்ட வேண்டும். விரலெல்லாம் பசை. பதினேழுக்கு ஜோடி கிடைக்கவில்லை. கீழே விழுந்துவிட்டதோ என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன், நல்ல ஞாபகம் இருக்கிறது, தவழ்ந்து தேடினேன். கடைசியில் பெயர் தெரியாத துண்டு என்று ஒதுக்கிவைத்ததை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அப்படியும் அதேபோல இருந்தது. மற்ற நோயாளிகளின் பழைய தகடுகளை எடுத்தேன். மாத்திரை பலிக்காமல் போனவர்களின் தகடுகளில், பலித்துக்கொண்டிருந்த காலத்துத் தகடுகளில், தேடித் தேடிப் போனால் அது இருந்தது. ஓடிப்போய் அவர் அறைக் கதவைத் தட்டினேன். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைக்காமல் படத்தை வாங்கினார், ஓரத்தில் ஈரம் பட்டது. "ஆர்ட்டிஃபாக்ட்" என்றார். தயாரிக்கிறபோது நேர்ந்த பிசகு, பட்டைகள் தெரிவதற்காக ஏற்றும் கறை ஒழுங்காகப் பிடிக்காமல் கண்ணை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். "சார், பல பேஷண்ட்கிட்ட இருக்கு சார்." "அப்ப நீ பல தடவ தப்பாப் பண்ணியிருக்கேன்னு அர்த்தம். சீலி, முதல்ல கண் டாக்டரப் பாரும்மா. தீசிஸ்ல இதெல்லாம் கொண்டுவந்து என் பேரக் கெடுக்காத." முகுந்தன் அங்கே நின்று சிரித்தான். முகுந்தன் என்னோடு ஆராய்ச்சி செய்தவன், சாரின் வீட்டுப் பிள்ளைமாதிரி, ஸ்கூட்டரில் சாரின் மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறவன். தகடுகளையும் படங்களையும் அவனிடம் ஒப்படைக்கச் சொன்னார். ஒப்படைத்தேன். கண் டாக்டரையும் போய்ப் பார்த்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது, நான் உண்மையாகவே போய்ப் பார்த்தேன், கோளாறு ஒன்றுமில்லை என்று அந்த டாக்டர் சொன்னதும் அழுதேன்.

பிறகு ஹைதராபாத்தில் ஒரு மாநாடு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் சார், திரையில் நான் வெட்டி ஒட்டிய படம். பெரிதாக, சுவர் அளவுக்கு. ஓரத்தில் அந்தச் சாத்துக்குடிக் கறைகூட இருந்தது, அதைப் போய் யாரிடம் காட்டுவது. சுகவனம், முகுந்தன் என்று இரண்டு பெயர். கைதட்டல். நானும் தட்டினேன், பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது கை சும்மா இருக்காது. ஊர் திரும்பியதும் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். கத்தவில்லை, என்னால் கத்த முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவர் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார். "சயின்ஸ்ல யார் பாத்தாங்கறது முக்கியமில்லம்மா. என்ன பாத்தாங்கறதுதான் முக்கியம்." எவ்வளவு நல்ல வாக்கியம். சுவரில் மாட்டலாம். நான் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய், வேறு ஒருவரிடம், கோழிகளின் குரோமோசோமில் டாக்டர் பட்டம் வாங்கினேன். கோழிகளின்மேல் எனக்கு வருத்தமில்லை. சொந்த ஊர் நாசரேத்தில் அம்மா இதைக் கேட்டுவிட்டு அடுப்படியிலேயே நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சொன்னாள், "அந்த வாத்தியான் நல்லாவே இருக்க மாட்டாம்ளா, அவன் எலும்பு உருகித்தான் சாவான், பாரு." ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற அம்மா. எலும்பு உருகி. இப்போது அவர் எலும்புக்குள்ளிருந்து எடுத்ததைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் முதுகில் ஏதோ ஊர்கிறது, திரும்பிப் பார்த்தால் ஏசி காற்றுதான். குரோமோசோம் யார் சாபத்துக்கும் உடையாது. கதிர்வீச்சுக்கு உடையும், வயசுக்கு உடையும், சும்மாவும் உடையும். எத்தனை நல்ல மனுஷர்களின் தகடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன், போன மாதம் ஒரு சத்துணவு டீச்சர், அவளை எந்த அம்மா சபித்தாள்.

மறுபடியும் இருக்கிறது. இதோ இன்னொன்று. இனிமேல் சந்தேகமில்லை. சந்தோஷமாக இருக்கிறது. யாரும் இல்லாத அறையில் இதைச் சொல்லிக்கொள்ளலாம், சந்தோஷமாகத்தான் இருக்கிறது, நாக்கின் அடியில் ஏதோ சுரக்கிறது, உடனே குமட்டுகிறது, பிறகு மறுபடி சுரக்கிறது. என் கண்ணில் கோளாறில்லை சார், பாருங்கள், உங்கள் எலும்பே சாட்சி சொல்ல வந்திருக்கிறது. எவ்வளவு கோபத்திலும் அவர் என்றுதான் வருகிறது, அவன் என்று வர மாட்டேனென்கிறது. எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், தனியாக இருக்கும்போது வாய்விட்டு அவன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரையோ சொல்வதுபோல இருக்கும். சரி. இப்போது என்ன. அந்தச் சில செல்களை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டால் யாருக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது. எனக்குமேல் பார்க்கிற ஆள் இந்தக் கட்டடத்தில் இல்லை. கறை சரியில்லை, கைவிட்டேன், அவ்வளவுதான். ஆர்ட்டிஃபாக்ட். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை, அவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். அவருக்கு வைத்தியம் பார்க்கும் வஹீதா அதே மாத்திரையை எழுதிக்கொடுப்பாள். அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். மங்கையர்க்கரசி அக்கா பாயசம் வைப்பாள். கொஞ்ச மாதத்தில் ஒருநாள் காய்ச்சல் வரும், ஈறில் இரத்தம் கசியும். எழுதினால்? எழுதினால் மருந்தை இப்போதே மாற்றுவார்கள், ஒருவேளை பிழைப்பார், நான் பார்த்ததை வைத்துப் பிழைப்பார், ரிப்போர்ட்டின் அடியில் இதற்கு ஆதாரம் சுகவனமும் முகுந்தனும் எழுதிய கட்டுரை என்று என் கையாலேயே போட வேண்டும். எல்லா ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் போடுகிறோம், சத்துணவு டீச்சருக்கும் அப்படித்தான் போட்டேன். அவரைக் காப்பாற்றிய புண்ணியமும் அவருக்கே. இந்த இடத்தில் வந்து மனசு முட்டிக்கொண்டு நிற்கிறது. தாண்டிப் போக மாட்டேனென்கிறது. திருகைத் திருகுகிறேன், வேறு செல், வேறு செல். ஒரு செல் அழகாக விரிந்திருக்கிறது. கோலம்போல என்று நினைத்து, சீ என்று நிறுத்திக்கொள்கிறேன், இதில் அழகென்ன.

போன் அடித்தது. வஹீதா, இரத்தப் புற்றுநோய் டாக்டர், என்னைவிடச் சின்னவள், அவசரக்காரி. "மேடம், அந்தப் புரபசர் கேஸ் என்னாச்சு? வெளிய உக்காந்துட்டு என்னைப் பாடாப் படுத்துறார். எனக்கே கிளாஸ் எடுக்கிறார்."

சொல்லப்போகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல் வாயைத் திறந்தேன்.

"பதினேழு போயிருக்கு" என்றேன்.

"நெஜமாவா? பிளட் அவ்ளோ நல்லா இருக்கே. எத்தன செல்லு? ஆர்ட்டிஃபாக்ட்டா இருக்குமோ மேடம்?"

"இருக்காது."

"இல்ல, ஒரு தடவ..."

"இருக்காதுன்னு சொல்றேன்ல வஹீதா."

குரல் உயர்ந்துவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்டாள், எதற்கு என்று தெரியாமலே. போனை வைத்தேன். நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன், அந்த நினைப்பு பிடிக்கவில்லை. ஆர்ட்டிஃபாக்ட் என்ற வார்த்தையை என் வாயால் சொல்லக் கூசியது, அவ்வளவுதான் நடந்தது. அவர் உயிரை நினைத்துச் சொன்னேனா, என் கண்ணை நினைத்துச் சொன்னேனா. என் கண்ணைத்தான். அவர் வேறு ஏதாவது வார்த்தையால் என்னை விரட்டியிருந்தால் இன்றைக்கு என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். வஹீதா, அவள் பின்னால் அவர், அவர் முழங்கையைப் பிடித்தபடி மனைவி. "சாரி மேடம், சார் தானே பாக்கணுங்கிறார். கேக்கவே மாட்டேங்கிறார்" என்று வஹீதா கண்ணால் கெஞ்சினாள். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்தது, இத்தனை மெலிந்த பிறகும் மைக்ராஸ்கோப் முன்னால் அந்த முதுகு பழைய முதுகுதான், பார்த்ததும் எனக்கு இருபத்தாறு வயது பயம் திரும்ப வந்துவிட்டது, ஏதாவது தப்பாகச் செய்திருப்பேனோ, கறை கொஞ்சம் கூடிவிட்டதோ. பார்த்தார். திருகினார். விரல் நழுவியது, மறுபடி திருகினார். நெடுநேரம் பார்த்தார். "ம்" என்றார். பிறகு முகத்தை எடுக்காமலே மனைவியிடம் சொன்னார், "மங்கை, இத நான் கண்டுபிடிச்சேன். இந்த மாத்தம் முன்கூட்டியே வரும்னு உலகத்துல முதல்ல சொன்னது நான்." பொய் சொல்கிற குரல் இல்லை அது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எங்கே இருக்கிறதென்று தெரியும். இவருக்கு அது அழிந்தே போயிருந்தது, அந்தப் படத்தைச் சாத்துக்குடிக் கையோடு திருப்பித் தந்தது, தவழ்ந்து தேடிய பெண், ஒன்றும் இல்லை, இவர் நிஜமாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

"என்னங்க, அப்ப நல்லதுங்களா?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள். அவளுக்குக் கண்டுபிடித்தேன் என்பது மட்டும் புரிந்திருக்கிறது.

அவர் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். அப்புறம் மெதுவாக, "கறை சரியாப் பிடிக்கலயோன்னு தோணுது. ஆர்ட்டிஃபாக்ட்டா இருக்கும். இத யாரு ஸ்டெயின் பண்ணது?"

"நான்தான் சார். கறை நல்லாத்தான் பிடிச்சிருக்கு."

"நீங்க யார்கிட்ட படிச்சீங்க?"

"உங்ககிட்டதான் சார்."

திரும்பினார். முதலில் கோட்டைப் பார்த்தார், பிறகு முகத்தை. நான் காத்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல, கல்யாணப் பெண்ணைப்போலக் காத்திருந்தேன். அவர் நெற்றி சுருங்கியது. "ஜெய... ஜெயராணி?"

"சீலிங்க" என்றாள் மங்கையர்க்கரசி. "ஜெயசீலி. நாசரேத்துப் பொண்ணு. நம்ம வீட்டுக்கு ஒருதரம் பனங்கல்கண்டு கொண்டாந்து குடுத்துச்சே. நல்லா இருக்கியாம்மா கண்ணு?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. இந்தப் பெண்பிள்ளைமீது எனக்கு எந்தக் கோபமும் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவேனோ என்று பயந்து கையை விடுவித்துக்கொண்டேன்.

"இத முதல்ல பாத்தது நான் சார்" என்றேன். வஹீதா இருக்கிறாள், இருக்கட்டும். "நீங்க ஆர்ட்டிஃபாக்ட்னு சொன்னீங்க. கண் டாக்டரப் பாக்கச் சொன்னீங்க."

இவ்வளவுதான். இத்தனை வருஷமாகப் பஸ்ஸிலும் சமையலறையிலும் ஒத்திகை பார்த்தது முழுதும் சொல்லி முடிந்துவிட்டது, எவ்வளவு சின்னதாக இருக்கிறது. வஹீதா தரையைப் பார்த்தாள். அவர் மறுப்பார் என்று நினைத்தேன், மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கு அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. அவர் மறுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கண்ணில் ஏதோ ஓடியது, ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது, வந்ததும் அதைத் தள்ளி ஒதுக்கிவிட்டு வேறு எதற்கோ விரைந்தது.

"ஆமா" என்றார். "நீதான் பாத்தே. நீதான் சீலி. அப்ப உனக்குத் தெரியும்ல?" நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "எல்லாத்தையும் உக்காந்து பாத்தவ நீதான. முகுந்தனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ சொல்லும்மா. இவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிச்சு மருந்த மாத்துனா கேக்குமா? பொழைக்கிறாங்களா?"

கொடுத்துவிட்டார். கேட்டதும் கொடுத்துவிட்டார், பஸ்ஸில் சில்லறை கொடுப்பதுபோல. எனக்கு எது வாழ்க்கையைவிடப் பெரிதாக இருந்ததோ அது அவருக்கு இப்போது ஒரு பொருட்டே இல்லை. வைத்துக்கொள், பெயரும் வேண்டாம் மேடையும் வேண்டாம், பிழைப்பேனா மாட்டேனா அதை மட்டும் சொல். நான் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், கையில் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கிறது. சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது. அடுத்ததாகச் செய்ய நினைத்ததே அதுதான், இது தெரிந்தவுடனேயே மருந்தை மாற்றினால் என்ன ஆகிறது என்று ஆட்களைத் தொடர்ந்து பார்ப்பது. தகடுகளைப் பிடுங்கியபோது அதுவும் போயிற்று. முகுந்தன் வெளிநாட்டுக்குப் போய்ச் சோப்புக் கம்பெனியில் சேர்ந்தான். இவர் துணைவேந்தர் பதவிக்கு அலைந்தார். கட்டுரை எழுதினார்கள், கைதட்டல் வாங்கினார்கள், அதோடு சரி. இந்த மாற்றத்தை வைத்து நாங்கள் இங்கே ரிப்போர்ட் எழுத ஆரம்பித்ததே சமீபத்தில்தான், சத்துணவு டீச்சருக்கு மருந்து மாற்றி மாதம்கூட ஆகவில்லை. பெரிய ஊர்களில் யாராவது பார்த்திருப்பார்களா என்று தேடியிருக்கிறேன், இல்லை.

"சொல்லும்மா" என்றார். உதடு காய்ந்திருந்தது. வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல இல்லை, குழந்தை டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. இதைப் பார்த்து எனக்கு இரக்கம் வர வேண்டும். கொஞ்சம் வந்தது. வேண்டாவெறுப்பாக, ஓரமாக வந்து நின்றது.

கேக்கும் சார், பயப்படாதீங்க என்று சொல்லியிருக்கலாம். மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள், சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தெரியும். இவரிடம் மட்டும் இந்த விஷயத்தில் மட்டும் ஒரு எழுத்துகூடப் பொய்யாகச் சொல்ல மாட்டேன் என்று என்னவோ உள்ளே இறுகிக்கொண்டது. அதைக் கொடூரம் என்று வஹீதா பிறகு சொல்வாள், சொல்லட்டும்.

"தெரியாது சார்" என்றேன். "யாருமே தொடர்ந்து பாக்கல. இனிமே உங்கள வச்சுத்தான் தெரியணும்."